வீட்டில் படிப்பு நகரவில்லையா? எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி

"உட்கார்ந்து படி" என்று ஒரே நாளில் ஐந்து முறை சொல்லியும் நோட்டு மூடியே கிடந்தால், ஆறாவது முறை சொல்வதால் அது திறந்துவிடாது. எங்கேயோ ஒரு சிக்கு இருக்கிறது. தொல்லை என்னவென்றால், வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாச் சிக்கும் சோம்பல் மாதிரியே தெரியும். ஹெட்செட்டில் குரல் சரியாகக் கேட்காத பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். போன வருடப் பாடமே புரியாத பிள்ளையும் சுவரைத்தான் பார்க்கும். இரவு சரியாகத் தூங்காத பிள்ளையும் அப்படித்தான். மூன்று பேருக்கும் ஒரே திட்டு விழுகிறது; ஆனால் மூன்று பேருக்கும் வேண்டியது வேறு வேறு.

அதனால் கீழே உள்ளவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்ப் படிக்கலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன்

மூன்று நாள் சும்மா பாருங்கள். ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு உட்கார்ந்தாள், எப்போது எழுந்தாள், எழுவதற்கு முந்தின நிமிடம் கையில் என்ன இருந்தது. அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். மூன்று நாளும் இங்கிலீஷ் பத்தி எழுதும் இடத்திலேயே எழுந்திருந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது மேசை, புது நேர அட்டவணை, போனுக்குத் தடை என்று எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் கொண்டுவந்தால், எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். ஒரு மாற்றத்துக்கு நாலைந்து நாளாவது கொடுங்கள்.

"இதோ வரேம்மா" என்று குரல் வருகிறது, ஆள் வரவில்லை

எதை விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்று முதலில் பாருங்கள். விளையாட்டின் நடுவிலிருந்தோ பாதி வீடியோவிலிருந்தோ எழுந்து வருவது பெரியவர்களுக்கே கஷ்டம். படிப்புக்கு முந்தின அரை மணி நேரத்தில் திரை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைவிட வரிசை நன்றாக வேலை செய்யும். "நாலரை மணிக்குப் படிப்பு" என்பதைவிட "சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்ததும் படிப்பு" என்பது சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிபடும். ஒரு வேலை முடிந்ததுமே அடுத்தது தானாக நினைவுக்கு வரும்.

அதுவும் உதவவில்லையா? முதல் வேலை எது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். "கணக்குப் போடு" என்பது ஒரு மலை. "42ஆம் பக்கம், மூன்றாவது கணக்கு" என்பது ஒரு படி. முந்தின இரவே புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து, பென்சிலைச் சீவி வைத்துவிடுங்கள். முதல் கணக்கு அவனுக்கு ஏற்கெனவே போடத் தெரிந்ததாக இருக்கட்டும். கை ஓட ஆரம்பித்துவிட்டால் இரண்டாவதுக்குப் போவது எளிது.

உட்கார்கிறான், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான்

தண்ணீர், பாத்ரூம், பென்சில், ரப்பர், மறுபடி தண்ணீர். இங்கே ஒரே ஒரு கேள்விதான்: எல்லாப் பாடத்திலும் எழுகிறானா, ஒரு பாடத்தில் மட்டுமா?

ஒரு பாடத்தில் மட்டும் என்றால் அவனுக்குக் கவனம் இருக்கிறது, பாடம்தான் புரியவில்லை. கீழே "சொல்லிக்கொடுத்தால் சண்டை" பகுதிக்குப் போங்கள்.

எல்லாவற்றிலும் என்றால் உடம்பைப் பாருங்கள். பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கும், மேசை நெஞ்சுக்கு நேரே வரும். அந்த நிலையில் யாராலும் அரை மணி நேரம் எழுத முடியாது. பாதம் எதிலாவது ஊன்ற வேண்டும். ஒரு மரப்பெட்டியோ, கட்டி வைத்த பழைய புத்தகங்களோ போதும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி கீழே தலையணை வையுங்கள். டிவி ஓடும் அறையாக இருந்தால் சத்தத்தைக் குறைத்தால் போதாது. படம் அசைந்தாலே கண் அங்கே போய்விடும். பிள்ளையின் முதுகு டிவி பக்கம் இருக்கட்டும், அல்லது டிவி அணையட்டும்.

உடம்பும் இடமும் சரியாக இருந்தும் எழுந்தால், நேரத்தைச் சுருக்குங்கள். பத்து நிமிடம் தாங்குகிற பிள்ளையை எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க முடியாது. இந்த வாரம் பன்னிரண்டு, அடுத்த வாரம் பதினைந்து. நடுவில் விடும் ஐந்து நிமிடத்தில் போனைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நாம் மறுபடி முதல் அறிகுறிக்கே திரும்பிவிடுவோம்.

ஆன்லைன் வகுப்பில் முழுசாக இருக்கிறாள். கேட்டால் ஒன்றும் தெரியவில்லை

பெற்றோருக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். "கண்ணெதிரேதானே உட்கார்ந்திருந்தாய்!"

ஒருநாள் இப்படி ஒரு பையனுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது வயது. புத்தகம் திறந்திருக்கிறது, பேனா கையில், கேமரா ஆன். ஆனால் அவன் கண் திரையின் வலது ஓரத்துச் சின்னக் கட்டத்திலேயே இருந்தது. அது அவனுடைய முகம். தலைமுடியை ஒதுக்கினான், பார்த்தான். தலையைச் சாய்த்தான், பார்த்தான். ஒரு பல்லை நாக்கால் ஆட்டி, அது ஆடுவது கேமராவில் தெரிகிறதா என்று வாயைத் திறந்து பார்த்தான். இருபது நிமிடத்தில் டீச்சர் முகத்தை அவன் நிமிர்ந்து பார்த்தது நாலைந்து முறைதான்.

அவன் மேல் தப்பில்லை. வகுப்பறையில் எந்தப் பிள்ளைக்கு முன்னாலும் நாள் முழுக்க யாரும் கண்ணாடி பிடித்து நிற்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பைலன்சன் 2021இல் வீடியோ கூட்டங்கள் ஏன் இவ்வளவு அசதியாக இருக்கின்றன என்று எழுதிய கட்டுரையில் நான்கு காரணங்களைச் சொன்னார். ஓயாமல் நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது அதில் ஒன்று. நெருக்கத்தில் இத்தனை கண்கள் நம்மையே பார்ப்பது போலிருப்பது, அசையாமல் ஒரே சட்டத்துக்குள் உட்கார வேண்டியிருப்பது, முகபாவத்தைப் படிக்கவும் காட்டவும் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பது மற்ற மூன்று. பெரும்பாலான வீடியோ செயலிகளில் தன் முகத்தைத் தனக்கு மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அதை இன்றே செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மூலையில் ஒரு துண்டுத் தாளை ஒட்டுங்கள்.

முகம் மறைந்த பிறகும் மண்டையில் ஏறவில்லை என்றால், பிள்ளை கேட்கிறது, ஆனால் எதையும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். மறதியைப் பற்றி முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானியரான எபிங்ஹாஸ். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஆகவே சனிக்கிழமை மொத்தமாகத் திருப்பிப் பார்ப்பதைவிட வகுப்பு முடிந்த அன்றே ஐந்து நிமிடம் செலவிடுவது லாபம்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது? மறுபடி வாசிக்கச் சொல்லாதீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வாசித்தவுடன் "தெரிந்துவிட்டது" என்று தோன்றுவது நம்மை ஏமாற்றும்.

அதனால் லேப்டாப்பை மூடியதும் ஒரு வெற்றுத்தாளைக் கொடுங்கள். "டீச்சர் இன்னைக்கு என்ன சொன்னாங்க? தோணுறத எழுது, இல்ல படமா போடு." மூன்று வரி வந்தால் போதும். விட்டுப்போனதைப் புத்தகத்தில் தேடிச் சேர்க்கட்டும். முதல் வாரம் தாள் கிட்டத்தட்ட காலியாகத்தான் இருக்கும்; முகம் சுளிக்காதீர்கள். இரண்டாவது வாரத்தில், "இதை அப்புறம் எழுதணும்" என்ற நினைப்போடே வகுப்பைக் கேட்க ஆரம்பிப்பாள். நான் பார்த்தவரை, காசு செலவில்லாமல் இவ்வளவு பலன் தருகிற வேறொன்று கிடையாது.

நான் சொல்லிக்கொடுத்தால் சண்டையில் முடிகிறது

என் மகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்த நாளைச் சொல்கிறேன். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டேன். "நான்கில் ஒன்று" என்றாள். இல்லை என்று விளக்கினேன். மறுபடி கேட்டேன். மறுபடி அதே பதில். குரல் ஏறியது. மூன்றாவது முறை அவள் பதிலே சொல்லவில்லை, பென்சில் முனையை நோட்டில் அழுத்தி ஒரு குழி செய்துகொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்கத் தோன்றியது: "நீ எப்படி யோசிச்ச? எனக்குச் சொல்லிக்குடு." தலை நிமிராமல் சொன்னாள்: "மூணைவிட நாலுதானே பெருசு?"

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதுவரை அவள் பார்த்த எண்களில் எல்லாம் நாலுதான் பெரிது. நான் அதுவரை விளக்கியது வேறு எதையோ. ஒரே அளவுத் தாள்கள் இரண்டை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடித்துக் கிழித்தோம். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். "ஓ, நிறைய பேருக்குப் பங்கு போட்டா துண்டு சின்னதாயிடும்." அவ்வளவுதான். இருபது நிமிடச் சண்டையை இரண்டு நிமிடத் தாள் தீர்த்தது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வரிசை இது. தப்பான பதில் வந்தால் உடனே திருத்தாமல், எப்படி வந்தது என்று கேட்பது. பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். அடி எங்கே தவறியது என்று தெரிந்த பிறகு அந்த அடியை மட்டும் கையால் தொடுகிற பொருளைக் கொண்டு காட்டுவது.

இன்னொரு சிக்கு: நாம் படித்த முறையும் இப்போது பள்ளியில் சொல்லித்தரும் முறையும் வேறாக இருக்கலாம். வகுத்தலை டீச்சர் ஒருமாதிரி எழுத, அப்பா வேறுமாதிரி எழுத, பிள்ளை இரண்டுக்கும் நடுவில் அழும். "உங்க டீச்சர் எப்படிப் போட்டாங்க, காட்டு" என்று கேட்டுவிட்டு அதே வழியில் போங்கள். உங்கள் வழி எவ்வளவு சுலபமாக இருந்தாலும் அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

குரல் ஏறப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் எழுந்துவிடுங்கள். "எனக்குக் கோபம் வருது கண்ணா, பத்து நிமிஷம் கழிச்சு வரேன்" என்று சொல்லிவிட்டே எழுங்கள். சொல்லாமல் போனால் தன்னைப் பிடிக்காமல்தான் எழுந்து போகிறார்கள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். தினமும் ஒரே பாடத்தில் சண்டை என்றால் அந்தப் பாடத்தை மட்டும் வேறொருவர் கையில் கொடுங்கள்: அக்கா, தாத்தா, சித்தி, யாராவது. அதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

குரல் விட்டுவிட்டு வருகிறது, படம் உறைந்துவிடுகிறது

முதல் சோதனை: அதே நேரத்தில் வீட்டில் மற்ற கருவிகளிலும் நெட் மெதுவாக இருக்கிறதா? எல்லாவற்றிலும் என்றால் இணைப்பில் கோளாறு. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். பிறகும் அப்படியே இருந்தால் இணைப்புக் கொடுத்தவர்களிடம்தான் போக வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கருவியில் கோளாறு: பின்னால் ஓடும் செயலிகளை மூடுங்கள், இடம் நிரம்பியிருந்தால் பழைய வீடியோக்களை அழியுங்கள், ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இரண்டாவது சோதனை: பிள்ளையின் கேமராவை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். உடனே குரல் தெளிவாக வந்தால், இணைப்பின் வேகம் போதவில்லை. நெட் குறைவான நாட்களில் கேமரா இல்லாமல் இருக்க டீச்சரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவையுங்கள். வகுப்பு நேரத்தில் வீட்டில் யாரும் பெரிய ஃபைல் ஏற்ற வேண்டாம், படம் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது: ரூட்டர் பக்கத்தில் போனால் சரியாகிவிடுகிறதா? அப்படியென்றால் நடுவில் இருக்கும் சுவர்தான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் பலவீனமாகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் தூரம் போகும். தள்ளியுள்ள அறையில் இரண்டாவதைப் போட்டுப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4 அலைவரிசையில்தான் இயங்குகிறது, அதனால் அதன் பக்கத்தில் ரூட்டர் வேண்டாம். அலமாரிக்குள் ஒளித்துவைக்காமல் உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். கேபிள் போட முடிந்தால் அதுவே நல்லது.

எதிரொலி வந்தால், ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே வகுப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள்.

கண் எரிகிறது, தலை வலிக்கிறது

திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும்; கண் காய்ந்து எரியும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியுள்ள ஒன்றை, 20 விநாடி பார்க்கச் சொல்லி அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. பிள்ளைகள் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தையோ கம்பத்தையோ காட்டி, "மணி அடிச்சா அதைப் பார்" என்று சொல்லிவையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுப் பளபளக்கிறதா என்றும் பாருங்கள்; மேசையைப் பக்கவாட்டில் திருப்பினாலே சரியாகிவிடும். போனில் பார்க்கிற பிள்ளை அதை மூக்கு நுனிக்குக் கொண்டுபோய்விடும். எதிலாவது சாய்த்து, கை எட்டும் தூரத்தில் நிறுத்திவையுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் வெளியே விடுவது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி விடாத பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. 2015இல் வெளியான ஆய்வு அது. வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கு நடக்கும் வெயிலும் இடைவேளை மைதானமும் இல்லாமல் போய்விடுவதால், அதை நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டு பிள்ளைகள், ஒரே போன்

யாருக்கு நேரலை வகுப்பு, யாருக்குப் பிறகு பார்க்கக்கூடிய பதிவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேரலைக்கு முதல் உரிமை. இரண்டுமே நேரலையாக மோதினால், சின்னப் பிள்ளையின் டீச்சரிடம் பேசிப் பாருங்கள். சின்ன வகுப்பில் அரை மணி நேரத் திரையைவிட மடியில் உட்கார வைத்துக் கதை வாசிப்பது எந்த விதத்திலும் குறைவில்லை. திரை கிடைக்காத பிள்ளைக்குச் செய்ய என்று ஒரு எழுத்துவேலை தயாராக இருக்கட்டும். வெறுமனே காத்திருக்கும்போதுதான் அடிதடி தொடங்கும்.

ஹோம்வொர்க் மலையாகச் சேர்ந்துவிட்டது

எல்லாவற்றையும் முடிக்கும் திட்டம் போடாதீர்கள். அது இரண்டு நாளில் உடையும். இன்று வருகிற வேலையை இன்றே முடிப்பது முதலில். பழையதில் தினமும் ஒன்றே ஒன்று. இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தவற்றை டீச்சரிடம் கேட்டு விட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

இரவில் விழித்திருக்கிறான், காலை வகுப்பில் தூங்குகிறான்

6 முதல் 12 வயதுவரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் சொல்கிறது. பதின்வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, ஆகவே பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று உங்கள் மகன் சொன்னால் நம்புங்கள். ஆனால் போன் அதை இன்னும் தள்ளிவிடும். சார்ஜர் ஹாலில் இருக்கட்டும், எல்லார் போனும் இரவில் அங்கேயே தூங்கட்டும், உங்களுடையதும்தான். தூங்கும் நேரத்தை மாற்றச் சண்டை போடுவதைவிட எழும் நேரத்தை ஞாயிறு உட்பட ஒன்றாக வைத்து, எழுந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவது சுலபம். ஒரு வாரத்தில் இரவு தானாக முன்னால் வரும்.

எதைச் செய்தும் நகரவில்லை

இரண்டு மூன்று வாரம் மேலே உள்ளவற்றைச் செய்தும் அப்படியே இருந்தால், மிரட்டலைக் கூட்டாதீர்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். திரையை நெருங்கி நெருங்கிப் போவது, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது எல்லாம் அடையாளங்கள். நன்றாகப் பேசுகிற, கதை சொல்கிற பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் வருடக்கணக்கில் திணறினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அறிந்தவரிடம் காட்டுங்கள். பிடித்த விளையாட்டிலும் ஆசை போய், சாப்பாடும் தூக்கமும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

டீச்சருக்கும் எழுதுங்கள். "படிக்கவே மாட்டேங்கறான் மேடம்" என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மூன்று நாள் துண்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இப்படி எழுதுங்கள்: "வணக்கம் மேடம். கூட்டல், கழித்தல் தானாகப் போடுகிறான். எழுத்துக் கணக்கு வந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். நான் வாசித்துக் காட்டினால் போட்டுவிடுகிறான். மூன்று நாளாக இப்படித்தான். வாசிப்பில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். நீங்கள் வகுப்பில் கவனித்ததுண்டா?"